தாமதத்தின் அளவே தடயம்: வலைவழிச் சேமிப்பகம் மெதுவாகும்போது

வலையமைப்பு வழியாகச் சேமிப்பகத்தைப் பயன்படுத்தும் அலுவலகம் எதுவாக இருந்தாலும், "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்ற புகார் வந்தவுடன் மூன்று குழுக்கள் மூன்று வரைபடங்களோடு கூட்டத்துக்கு வந்து சேரும். சேமிப்பகக் குழுவின் வரைபடத்தில் சராசரித் தாமதம் 1 மில்லிவிநாடி என்றிருக்கும். நெட்வொர்க் குழுவின் வரைபடத்தில் எந்த ஸ்விட்ச் போர்ட்டும் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. சர்வர் குழுவின் வரைபடத்தில் சிபியு பாதிக்கு மேல் சும்மா இருக்கும். மூன்றுமே உண்மைதான். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கோப்பைத் திறக்கப் பல விநாடிகள் ஆகின்றன என்பதும் உண்மைதான். பல ஆண்டுகளாகச் சேமிப்பக நிர்வாகத்தில் இருக்கும் எனக்கு, இந்த நான்கு உண்மைகளும் ஒரே நேரத்தில் எப்படி நிற்க முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி என்று தோன்றுகிறது.

அதற்கான விடை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். அந்த வரைபடங்கள் சராசரியைக் காட்டுகின்றன என்பது ஒன்று. தாமதத்தை அவை எந்த இடத்தில் நின்று அளக்கின்றன என்பது மற்றொன்று. சராசரியைத் தள்ளிவைத்துவிட்டுத் தாமதங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்தால், அதையும் கோரிக்கை புறப்படும் கணினியில் நின்று பார்த்தால், தாமதத்தின் அளவே அதை உண்டாக்கியது எது என்பதைப் பல நேரங்களில் சொல்லிவிடுகிறது.

முதலில் சராசரி. 100 கோரிக்கைகளில் 99 கோரிக்கைகள் 1 மில்லிவிநாடியிலும், ஒன்று மட்டும் 201 மில்லிவிநாடியிலும் முடிவதாகக் கொள்வோம். சராசரி 3 மில்லிவிநாடி. சுழலும் டிஸ்க்குகள் உள்ள ஒரு சேமிப்பகத்துக்கு இது மிக நல்ல எண்; எந்த எச்சரிக்கையும் எழாது. ஆனால் ஒரு பெரிய கோப்புறையைத் திறக்கும்போது மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக 1000 கோரிக்கைகளை அனுப்பினால், அவற்றில் ஏறக்குறைய 10 கோரிக்கைகள் அந்த 201 மில்லிவிநாடியில் மாட்டிக்கொள்ளும். பயனர் 2 விநாடி கூடுதலாகக் காத்திருப்பார். 300 கோரிக்கைகள்தான் என்றாலும், அவற்றில் ஒன்றாவது மாட்டிக்கொள்வதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் ஆந்த்ரே பரோசோவும் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதே கணக்கை அகலவாக்கில் போட்டுக் காட்டினார்கள்: ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு முறை மட்டுமே 1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலும், ஒரு வேலை 100 சர்வர்களின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தால், அப்படிப்பட்ட வேலைகளில் 63 சதவீதம் 1 விநாடியைத் தாண்டிவிடும். கோப்புகளைப் பல நோடுகளில், அதாவது தனித்தனிச் சேமிப்பக சர்வர்களில், துண்டுதுண்டாகப் பிரித்து வைக்கும் இன்றைய சேமிப்பகங்களில், இந்தக் கணக்கு கூகுள் அளவிலான நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல், சாதாரண அலுவலகத்தின் சர்வர் அறைக்கும் வந்துவிட்டது.

சராசரி எடுப்பது கோரிக்கைகளின் மீது மட்டுமல்ல, நேரத்தின் மீதும் நடக்கிறது. டோபியாஸ் ஓட்டிகர் 1995-ல் உருவாக்கிய எம்ஆர்டிஜி என்ற கண்காணிப்புக் கருவி, ரவுட்டரின் எண்ணிகளை (எவ்வளவு தரவு கடந்தது என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்குகளை) 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து வரைபடமாக்கியது. அந்த 5 நிமிடப் பழக்கம் அதற்குப் பின் வந்த கண்காணிப்புக் கருவிகள் பலவற்றிலும் தங்கிவிட்டது. 10 ஜிகாபிட் போர்ட் ஒன்று அந்த 300 விநாடிகளில் முழுதாக ஒரு விநாடி திணறிப்போய், மீதி 299 விநாடிகள் காலியாக இருந்தால் வரைபடம் 0.33 சதவீதம் என்று காட்டும். சேமிப்பகப் போக்குவரத்தின் இயல்பே இப்படி வெடித்து வெடித்து வருவதுதான். ஆகவே 5 நிமிடச் சராசரியை வைத்துக்கொண்டு நெட்வொர்க்கில் நெரிசல் இல்லை என்று சொல்வதை நான் ஒரு சான்றாக ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்விட்ச்சின் வெளிச்செல் போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையைத்தான் கேட்பேன். அந்த எண்ணி சராசரியில் கரைவதில்லை, கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது, அளக்கும் இடம். சேமிப்பகத்தின் நிர்வாகத் திரையில் தெரியும் தாமதம், கோரிக்கை அதன் முன்புற போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது முதல் பதில் வெளியேறும் வரையிலான நேரம். அதற்கு முன்னால் கோரிக்கை எந்த வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது, பதில் வெளியேறிய பின் வழியில் என்ன ஆனது என்பவை அந்த எண்ணுக்குள் வரவே வராது. லினக்ஸில் என்எஃப்எஸ் (வலைவழியே கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) பயன்படுத்துவோருக்கு என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் என்ற சிறு கருவி இந்தப் பிரிப்பை மிக எளிதாகச் செய்து தருகிறது. அது ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் இரண்டு நேரங்களைக் காட்டும்: கோரிக்கை கணினியை விட்டுப் புறப்பட்டதிலிருந்து பதில் வரும் வரையிலான ஆர்டிடி என்ற நேரம் ஒன்று, கோரிக்கை உருவான கணத்திலிருந்து முடியும் வரையிலான மொத்த நேரம் மற்றொன்று. மொத்த நேரம் 50 மில்லிவிநாடியாகவும் ஆர்டிடி 2 மில்லிவிநாடியாகவும் இருந்தால், சேமிப்பகத்தையோ நெட்வொர்க்கையோ தேடிப் போக வேண்டியதே இல்லை. கோரிக்கைகள் கணினிக்குள்ளேயே வரிசையில் நிற்கின்றன. விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் ஈஎஸ்எக்ஸ்டாப் கருவியும் இதையே செய்கிறது: டிஆவ்ஜி என்பது சர்வரைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் ஹெச்பிஏ கார்டைத் தாண்டிச் சென்று திரும்பும் நேரம், கேஆவ்ஜி என்பது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருளுக்குள் கழிந்த நேரம், இரண்டும் சேர்ந்ததே மெய்நிகர் கணினி உணரும் ஜிஆவ்ஜி. கேஆவ்ஜி இயல்பாக 0-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அது உயர்ந்தால் பெரும்பாலும் கியூ (காத்திருப்பு வரிசை) நிரம்பியிருக்கிறது என்று பொருள்.

கியூ பற்றிப் பேசும்போது ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதியைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இத்துறையில் இதைவிடப் பயனுள்ள ஒற்றை வரிக் கணக்கு எனக்குத் தெரியாது. ஓர் அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, அவை வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ஒரு லன்னுக்கு (சேமிப்பகம் சர்வருக்கு ஒரே டிஸ்க்காகக் காட்டும் பகுதிக்கு) 32 கோரிக்கைகள் மட்டுமே ஒரே நேரத்தில் வெளியே இருக்கலாம் என்று வரம்பு இருந்தால், தாமதம் 1 மில்லிவிநாடியாக உள்ளவரை விநாடிக்கு 32,000 கோரிக்கைகள் நடக்கும். தாமதம் 4 மில்லிவிநாடி ஆனதும் அதே லன் விநாடிக்கு 8,000-ஐத் தாண்ட முடியாது. த்ரூபுட் (விநாடிக்கு முடியும் வேலை) குறைந்துவிட்டது, ஆகவே பளு குறைவு என்று வரைபடத்தைப் பார்த்து முடிவுகட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் திசைமாறிப் போகிறார்கள். பளு குறையவில்லை, தாமதம் கூடியதால் வேலை வெளியே காத்து நிற்கிறது.

இதோடு சேர்த்து, லினக்ஸின் ஐஓஸ்டாட் கருவி காட்டும் பயன்பாட்டுச் சதவீதத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அந்த எண், டிஸ்க்கிடம் குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்த நேரத்தின் பங்கு. ஒரே கையால் வேலை செய்த பழைய டிஸ்க்குக்கு அது சரியான அளவுகோல். ஆனால் ஒரு லன்னுக்குப் பின்னால் டஜன் கணக்கான டிஸ்க்குகளோ எஸ்எஸ்டிகளோ இருக்கும்போது, இருபது பாதைகள் உள்ள சுங்கச்சாவடியில் ஏதாவது ஒரு பாதையில் ஒரு வண்டி நின்றாலே சாவடி முழுவதும் நிரம்பிவிட்டது என்று சொல்வதைப் போன்றது அது. 100 சதவீதம் என்று காட்டும் லன் இன்னும் பல மடங்கு வேலையைத் தாங்கக்கூடியதாக இருக்கலாம். அதே வரியில் உள்ள படிக்கும் தாமதமும் எழுதும் தாமதமும் கியூவின் சராசரி நீளமும்தான் பயனுள்ளவை. லினக்ஸின் லோட் ஆவரேஜும் இப்படித்தான் பலரைக் குழப்புகிறது: பிற யுனிக்ஸ்கள் பலவற்றில் அது சிபியுவில் ஓடும் அல்லது அதற்காகக் காத்திருக்கும் செயல்களை மட்டும் எண்ணும், லினக்ஸிலோ டிஸ்க்குக்காகக் குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருக்கும் செயல்களும் சேர்ந்துவிடும். சிபியு சும்மா இருக்க லோட் மட்டும் 80, 90 என்று ஏறினால், முதல் சந்தேகம் சேமிப்பகத்தின் மீதுதான் விழ வேண்டும்.

இனித் தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தாமதங்களின் பரவலை வரைந்து பார்த்தால், நலமாக உள்ள சேமிப்பகத்தில் ஒரு மேடு இருக்கும், அல்லது கேச்சிலிருந்து (வேகமான தற்காலிக நினைவகத்திலிருந்து) வருபவற்றுக்கு ஒன்றும் டிஸ்க்கிலிருந்து வருபவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு மேடுகள் இருக்கும். சிக்கல் வரும்போது அந்த மேடுகள் வலப்புறம் நகர்ந்தால் அது பளுவின் அறிகுறி; கியூ நீள்கிறது. ஆனால் பழைய மேடுகள் அப்படியே இருக்க, அவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, நடுவில் எதுவும் இல்லாமல், புதிதாக ஒரு மேடு முளைத்தால் அது பளு அல்ல. அங்கே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. யாரோ எப்போதோ நிரலில் எழுதிவைத்த ஒரு காத்திருப்பு நேரத்தில், அல்லது ஓர் இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரத்தில், கோரிக்கை மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைத் தெரிந்தவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

நான் பணியாற்றிய ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் நடந்ததை இதற்கு எடுத்துச் சொல்கிறேன். கோப்புகளை 8 நோடுகளில் பிரித்து வைத்திருந்த, லினக்ஸ் அடிப்படையிலான சேமிப்பகம். ஒவ்வொரு நோடும் 10 ஜிகாபிட் இணைப்பில். வரைபடக் கலைஞர்களின் கணினிகள் 1 ஜிகாபிட்டில், என்எஃப்எஸ் 4.1 வழியாக எல்லா நோடுகளிலிருந்தும் இணையாகப் படித்துக்கொண்டிருந்தன. காலையில் குறையில்லை. மதியத்துக்கு மேல் பெரிய வரைபடங்களைத் திறந்தால் திரை நின்று நின்று வந்தது. சேமிப்பகத்தின் திரையில் எல்லாம் பச்சை. என்எஃப்எஸ்ஐஓஸ்டாட்டில் மறு அனுப்பல் எண்ணிக்கை 0 என்றிருந்ததால், நெட்வொர்க்கில் இழப்பு இல்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அந்த 0 பெரும்பாலோரை ஏமாற்றும் எண். அது என்எஃப்எஸ் அடுக்கின் மறு அனுப்பலைக் குறிக்கிறது. பாக்கெட்டுகள் தவறாமல் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற கீழடுக்கு நெறிமுறையின் மேல் ஓடும்போது, என்எஃப்எஸ் தன் கோரிக்கையை மறுபடி அனுப்புவதற்கு முன் இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். அதற்குக் கீழே டிசிபி எத்தனை முறை பாக்கெட்டுகளை மீண்டும் அனுப்பித் திண்டாடினாலும் இந்த எண்ணிக்குத் தெரியாது.

அங்கே ஒரு கணினியில் பிசிசி என்ற லினக்ஸ் ஆய்வுக் கருவித் தொகுப்பில் உள்ள என்எஃப்எஸ்டிஸ்ட் கருவியை ஓடவிட்டோம். தாமதங்களை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து மைக்ரோவிநாடியில் காட்டும் எளிய கருவி அது. படிக்கும் கோரிக்கைகளில் பெரும்பகுதி 512 மைக்ரோவிநாடிக்கும் 8 மில்லிவிநாடிக்கும் இடையில் இருந்தது. அதற்குக் கீழ் வரிசைகள் ஏறக்குறைய காலி. பிறகு 131072 முதல் 262143 வரையிலான வரிசையில் தனியாக ஒரு மேடு. அதற்கு அடுத்த வரிசையில் சிறியதாக இன்னொன்று. 200 மில்லிவிநாடியை ஒட்டி ஒரு கூட்டமும் 400-க்கு மேல் ஒரு சிறு கூட்டமும் இருக்கின்றன, நடுவில் வெறுமை. இதைப் பார்த்ததும் மேற்கொண்டு டிஸ்க்குகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடலாம். லினக்ஸின் டிசிபி, அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்புவதற்கு முன் குறைந்தது 200 மில்லிவிநாடி காத்திருக்கும். ஒரே கோரிக்கையில் இது இரண்டு முறை நேர்ந்தால் 400-ஐத் தாண்டும். எந்த டிஸ்க்கும் எந்தக் கன்ட்ரோலரும் இவ்வளவு துல்லியமாக 200-லும் 400-லும் தாமதிக்காது.

கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் எடுத்துப் பார்த்தபோது அது அப்படியே தெரிந்தது. 8 நோடுகளில் 7 நோடுகள் தங்கள் துண்டை அனுப்பி முடித்துவிட்டன. ஒரு நோடின் பதிலில் கடைசிச் சில பாக்கெட்டுகள் இல்லை. பின்னர் 200 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமான மௌனம். அதன்பின் அந்த மிச்சப் பாக்கெட்டுகள் வந்து சேர்கின்றன. டிசிபியில் இழப்பை விரைவாக உணரும் வழியும் இருக்கிறது: இழந்த பாக்கெட்டுக்குப் பின்னால் வந்தவற்றுக்குப் பெறுநர் அதே பழைய ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்ப, மூன்று முறை அப்படி வந்ததும் அனுப்புநர் காத்திராமல் மறுபடி அனுப்பிவிடுவார். ஆனால் இழந்தவை பதிலின் கடைசிப் பாக்கெட்டுகளாக இருந்தால் அவற்றுக்குப் பின்னால் வர எதுவும் இல்லை. ஆகவே பழைய லினக்ஸ் டிசிபியில் அந்த 200 மில்லிவிநாடிக் கடிகாரம் ஓடி முடிவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பாக்கெட்டுகள் ஏன் விழுந்தன என்பதற்குக் கணக்கே போதும். ஒரு பெரிய படிப்புக்கு 8 நோடுகளும் தலா 128 கிலோபைட் அனுப்பினால் மொத்தம் 1 மெகாபைட். 10 ஜிகாபிட் வேகத்தில் அது முழுவதும் ஸ்விட்ச்சுக்குள் வந்துசேர 0.1 மில்லிவிநாடி போதும். 1 ஜிகாபிட் போர்ட் வழியாக அது வெளியேற 8 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் ஏறக்குறைய அந்த 1 மெகாபைட் முழுவதையும் ஸ்விட்ச் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்திருக்க வேண்டும். பஃபர் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பொதுவானது என்பதால், காலையில் ஓரிருவர் படிக்கும்போது இடம் இருந்தது. மதியத்துக்கு மேல் பலரும் சேர்ந்து படிக்கையில் இடம் போதவில்லை. ஸ்விட்ச்சில் கலைஞர்களின் போர்ட்டுகளுக்குரிய கைவிடல் எண்ணிகளைப் பார்த்தோம். மதிய நேரத்தில் அவை ஓடிக்கொண்டிருந்தன. அதே போர்ட்டுகளின் 5 நிமிடப் பயன்பாடு ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் இருந்தது. அந்தக் கோப்புறைகளை 8 நோடுகளுக்குப் பதிலாக 2 நோடுகளில் மட்டும் பிரித்துவைக்குமாறு மாற்றி, ஒரு போர்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய பஃபரின் பங்கையும் உயர்த்தியதும் 200 மேடு மறைந்தது. சராசரி வரைபடத்தில் அதற்கான அடையாளம் ஏதும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு இன்காஸ்ட் என்று பெயர். பல நோடு சேமிப்பகங்களைக் கட்டியவர்கள் 2004-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2008-ல் இதை முறையாக அளந்தார்கள். அடுத்த ஆண்டு, அந்தக் குறைந்தபட்சக் காத்திருப்பை மைக்ரோவிநாடி அளவுக்குக் குறைத்தால் த்ரூபுட் சரிவதில்லை என்று காட்டினார்கள். 200 மில்லிவிநாடி என்பது கண்டங்களுக்கு இடையிலான இணையத்துக்குப் பொருத்தமான எண். ஒரே அறைக்குள் 100 மைக்ரோவிநாடியில் பதில் திரும்பும் வலையமைப்பில் அது 2,000 மடங்கு காத்திருப்பு. ஆயினும் இயல்பான அமைப்பில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இதைப் போல நினைவில் வைத்திருக்க வேண்டிய எண்கள் வேறு சிலவும் உண்டு. 40 மில்லிவிநாடியில் மேடு தெரிந்தால், டிசிபியின் தாமத ஒப்புகையும் (பெறுநர் ஒப்புகையைச் சற்றுத் தள்ளிப்போடுவது) நேகல் வழிமுறையும் (முந்தைய ஒப்புகை வரும்வரை அனுப்புநர் சிறு பாக்கெட்டை நிறுத்திவைப்பது) ஒன்றையொன்று பார்த்துக் காத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வலையமைப்பு வழியே டிஸ்க்கை இணைக்கும் ஐஸ்கஸி இணைப்புகளில் இது அடிக்கடி தலைகாட்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும், தாமதங்கள் 8.3-ன் மடங்குகளாகக் கூடிக்கொண்டு போனால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்பது பொருத்தமான ஊகம். ரெய்டுக்கென்றே (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறைக்கென்றே) விற்கப்படும் டிஸ்க்குகள் பல, படிக்க முடியாத இடத்தோடு 7 விநாடி போராடிவிட்டுக் கைவிடும். டிஸ்க்குகளோடு பேசும் லினக்ஸின் ஸ்கஸி அடுக்கு 30 விநாடியிலும், மேலே சொன்னபடி என்எஃப்எஸ் 60 விநாடியிலும் பொறுமை இழக்கும். பயனர் "சரியாக அரை நிமிடம் நின்றுவிட்டுப் பிறகு ஓடுகிறது" என்று சொன்னால், அந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

சில சிக்கல்களில் தடயம் நேரத்தில் இல்லை, அளவில் இருக்கும். கோப்புறையின் பட்டியல் உடனே வருகிறது, சிறு கோப்புகள் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் அப்படியே தொங்குகிறது என்றால், வழியில் ஏதோ ஒரு ஸ்விட்ச் மட்டும் 9000 பைட் ஜம்போ ஃப்ரேமுக்கு (வழக்கமானதைவிடப் பெரிய பாக்கெட்டுக்கு) அமைக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்பினால் போதும். 20 பைட் ஐபி தலைப்பும் 8 பைட் ஐசிஎம்பி தலைப்பும் சேர்ந்து சரியாக 9000 ஆகும்.

சேமிப்பகத்துக்கென்றே தனி வலையமைப்பாக அமையும் ஃபைபர் சேனல் உலகம், பாக்கெட்டைக் கைவிடும் இந்த வலையமைப்புகளுக்கு நேர்மாறானது, ஆகவே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பாக்கெட் விழுவதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. எதிர்முனையில் இடம் இருப்பதை உறுதிப்படுத்தும் கிரெடிட் கையில் இருந்தால் மட்டுமே ஒரு போர்ட் ஃப்ரேமை அனுப்பும். இது இழப்பைத் தடுக்கிறது. ஆனால் நெரிசலை முழு அமைப்புக்கும் கடத்திவிடுகிறது. ஒரே ஒரு சர்வரின் ஹெச்பிஏ, தான் கேட்ட தரவை வாங்கிக்கொள்ளத் தாமதித்தால், அதற்கான ஃப்ரேம்கள் ஸ்விட்ச்சில் தேங்கும். ஸ்விட்ச்சுகளுக்கு இடையிலான இணைப்பின் பஃபரும் அவற்றால் நிரம்பும். அந்த இணைப்பைப் பயன்படுத்தும் மற்றச் சர்வர்கள் எல்லாம், ஒரு தவறும் செய்யாமல், மெதுவாகும். புகார் அந்தச் சர்வர்களிடமிருந்துதான் வரும்; காரணமான சர்வரிலிருந்து பெரும்பாலும் வராது, ஏனென்றால் அது நள்ளிரவில் பேக்கப் எடுக்கும், யாரும் கவனிக்காத பழைய இயந்திரமாக இருக்கும். இதற்குப் பயன்பாட்டுச் சதவீதம் எந்த உதவியும் செய்யாது. கிரெடிட் இல்லாமல் நின்ற நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். புரோகேட் ஸ்விட்ச்சுகளில் அதற்கென்று ஓர் எண்ணி உண்டு, அது 2.5 மைக்ரோவிநாடிக்கு ஒன்றாகக் கூடும். ஆகவே ஒரு விநாடியில் அது 4,00,000-ஐ நெருங்கினால் அந்தப் போர்ட் ஏறக்குறைய முழு விநாடியும் அனுப்ப முடியாமல் நின்றிருக்கிறது. ஸ்விட்ச் இணைப்பில் இந்த எண்ணி ஏறுவதைக் கண்டால், அதோடு இணைந்த ஓரத்துப் போர்ட்டுகளில் எது அதிகம் ஏறுகிறது என்று தேடிக்கொண்டே போக வேண்டும். காரணமானது அங்கே இருக்கும்.

டிஸ்க் பக்கத்துச் சிக்கல்களில் எனக்கு மிகவும் கவலை தருவது, சாகாமல் மெதுவாக மட்டுமே ஆகும் உறுப்புகள். முற்றிலும் செயலிழந்த டிஸ்க்கை ரெய்டு உடனே ஒதுக்கிவிடும். மெதுவான டிஸ்க்கை அது கூடவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கையிலும் அதற்காகக் காத்திருக்கும். 2018-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹர்யாடி குனாவி தலைமையிலான குழு, 12 நிறுவனங்களிலிருந்து இப்படிப்பட்ட 101 நிகழ்வுகளைத் திரட்டி வெளியிட்டது. டிஸ்க், எஸ்எஸ்டி, சிபியு, நினைவகம், நெட்வொர்க் கார்டு என எல்லா வகை உறுப்பும் அதில் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2008-ன் இறுதியில், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தி, அந்த அதிர்வில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறுவதைப் படம்பிடித்துக் காட்டினார். அதில் நான் முக்கியமாகக் கருதுவது, அவர் அதைக் காண முடிந்த விதத்தைத்தான்: திரையில் இருந்தது நேரத்துக்கு எதிராகத் தாமதங்களின் முழுப் பரவலையும் நிறத்தால் காட்டும் ஹீட்மேப். சராசரிக் கோட்டில் அந்தச் சில கோரிக்கைகள் தனித்துத் தெரிந்திருக்காது. ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரியும் இந்த வகையைச் சேர்ந்ததே. சில மாதங்களுக்கு ஒருமுறை அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள முழுதாக வடிந்து மறுபடி ஏறும்போது, கன்ட்ரோலர் எழுதும் கேச்சை நிறுத்திவிடும். 1 மில்லிவிநாடிக்குள் முடிந்த எழுதல்கள், ரெய்டு 5 ஆக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிப்பும் இரண்டு எழுத்துமாக, நேராக டிஸ்க்கைத் தேடிப் போகும். சில மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவையும் தாமத வரைபடத்தையும் ஒரே நேர அச்சில் வைத்துப் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும்.

இவ்வளவையும் சிக்கல் வந்தபின் தேடுவது கடினம். ஆகவே அன்றாடக் கண்காணிப்பில் எதைச் சேமித்துவைக்கிறோம் என்பது முக்கியம். பல கருவிகள் 95 அல்லது 99-ஆம் சதமானத்தை (நூற்றில் அத்தனை கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை) கணக்கிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கின்றன; பின்னர் மாத அறிக்கைக்காக அவற்றின் சராசரியை எடுக்கின்றன. சதமானங்களின் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை. பளு இல்லாத இரவின் சதமானமும் நெரிசலான பகலின் சதமானமும் அதில் ஒரே எடை பெறும். ஹிஸ்டோகிராமின் எண்ணிக்கைகளை (ஒவ்வொரு நேர எல்லைக்குள்ளும் எத்தனை கோரிக்கைகள் என்பதை) அப்படியே சேமித்தால் அவற்றை எப்படிக் கூட்டினாலும் உண்மை கெடாது. ஆனால் ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் நிரலகங்களுடைய இயல்பான ஹிஸ்டோகிராம் எல்லைகள் 5 மில்லிவிநாடியில் தொடங்குகின்றன. அவை இணையதளக் கோரிக்கைகளுக்காக வகுக்கப்பட்டவை. எஸ்எஸ்டி சேமிப்பகத்தின் நலமும் நலக்கேடும் அந்த முதல் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும்; மறுபுறம் 100-க்கும் 250-க்கும் இடையில் ஒரே பெட்டி இருப்பதால் 200-ன் மேடு தனித்துத் தெரியாது. நான் 100 மைக்ரோவிநாடியில் தொடங்கி 10 மில்லிவிநாடி வரை நெருக்கமாகவும், அதற்குமேல் 35, 50, 190, 250, 390, 500 என்று அந்தக் கடிகாரங்களை இருபுறமும் வளைத்துப் பிடிக்கும் விதமாகவும் எல்லைகளை வைக்கிறேன். இதைச் சேமிப்பகத்தில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒரு பயனர் கணினியில் அளந்து, படிப்பையும் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஓராண்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச் மாதப் பளுவை முந்தைய மார்ச்சோடுதான் ஒப்பிட முடியும்.